லண்டன்ல விசேஷத்துக்கு பார் வைக்க டென் (TEN) நோட்டீஸ் போடுறது: கேளுங்க, சொல்றேன்

பார் வேலைல இருக்கேன், மது விக்கிறதுக்கான பர்சனல் லைசென்ஸும் இருக்கு. சொல்றது இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும். ஸ்காட்லாந்துல சட்டம் வேற, அங்க உள்ளவங்க உங்க கவுன்சில்ல கேளுங்க.

கேள்வி: அண்ணா, ஹாரோல சனிக்கிழமை ரிசப்ஷன், ஹாலுக்கு லைசென்ஸ் இல்ல. காசுக்கு பார் வைக்க எப்போ அப்ளை பண்ணணும்?

அதுக்கு வேண்டியது டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ், சுருக்கமா டென்; அந்த ஒரு விசேஷத்துக்கு மட்டும் மது விக்கப் போறோம்னு கவுன்சிலுக்கு குடுக்குற நோட்டீஸ். 21 பவுண்டு. முழுசா 10 வொர்க்கிங் டே முன்னாடி கவுன்சில் கைல இருக்கணும், குடுக்குற நாளும் விசேஷ நாளும் கணக்குல வராது. சனிக்கிழமை விசேஷம்னா அதுக்கு ரெண்டு வாரம் முந்தின சனிக்கும் முதல் நாள், வெள்ளிக்குள்ள போயிருக்கணும், நடுவுல பேங்க் ஹாலிடே வந்தா இன்னும் முன்னாடி. ஒரு ஈஸ்டர் சனிக்கு நான் குட் ஃப்ரைடேயையும் சேத்து எண்ணித் தொலைச்சேன், 9 நாள் தான் இருந்துச்சு, லேட் டென் ஆயிடுச்சு. அதுல போலீஸ் ஆட்சேபம் சொன்னா ஹியரிங் கிடையாது, அதோட முடிஞ்சுது. சொன்னாங்க. பியர் பெட்டியெல்லாம் டேப் கூட பிரிக்காம கிச்சன்ல கிடக்க, வந்தவங்களுக்கு ஆரஞ்சு ஜூஸ் குடுத்தோம்.

கேள்வி: அண்ணை, எங்கட பழைய மாணவர் ஒன்றுகூடல். விக்கேல்லை, டொனேஷன் பெட்டி தான். டென் வேணுமோ?

பெட்டில போட்டா தான் கிளாஸ் கிடைக்கும்னா அது விற்பனை. டிக்கெட் விலைல டிரிங்க் சேந்திருந்தாலும் விற்பனை.

கேள்வி: அப்ப கோயில் உண்டியலும் விற்பனையோ?

உண்டியல்ல போடாதவருக்கும் பிரசாதம் உண்டு அண்ணை. உங்க பெட்டில போடாதவருக்கு விஸ்கி உண்டா?

கேள்வி: விரும்பினா போடலாம் எண்டு எழுதி வைச்சா?

பக்கத்துல ஒருத்தர் நின்னு மூஞ்சியப் பாப்பாரே, அவரையும் எடுத்துடுவீங்களா? அவ்ளோ யோசிக்கிறதுக்கு 21 பவுண்டு கட்டிடலாம்.

கேள்வி: என் ரெஸ்டாரன்ட் லைசென்ஸ் 11 மணி வரைக்கும். நியூ இயருக்கு 2 மணி வரை?

அதுக்கும் டென் தான். ஒரு இடத்துக்கு வருஷத்துக்கு 15 டென், மொத்தம் 21 நாள், நடுராத்திரி தாண்டினா ரெண்டு நாளாக் கணக்கு. 11 மணிக்கு மேல சூடா கொத்து ரொட்டி, டீ விக்கிறதும் லைசென்ஸ் கேக்குற விஷயம், அதையும் ஃபார்ம்ல டிக் பண்ணுங்க. இதத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க.

கேள்வி: 520 பேர் வருவாங்க?

ஒரே நேரத்துல 499க்கு மேல கூடாது. சமையல்காரர், டிஜே எல்லாரும் அதுக்குள்ள.

கேள்வி: எத்தனை நாள் முன்னாடி போடணும்?

மேல படிங்க.

கேள்வி: ப்ரோ, 10 நாள்னா சனி, ஞாயிறும் சேத்தா?

மேல. படிங்க.

கேள்வி: இன்னைக்கு செவ்வாய், இந்த சனிக்கே விசேஷம், லேட் டென் போடலாமா?

லேட்டுக்கே முழுசா 5 வொர்க்கிங் டே வேணும், உங்களுக்கு மூணு தான் இருக்கு. சொந்தக்காரங்க தானே, ஹால்காரர்கிட்ட கேட்டுட்டு சும்மாவே ஊத்துங்க. பெட்டி வேணாம்.