‘கலா’வில் உறுமுவது யார்?

அன்புள்ள ஐயா,

ராப் இசை பற்றிய தங்கள் பழைய கட்டுரை ஒன்றில் லண்டன் தமிழ் ராப் பாடகி எம்.ஐ.ஏ.யின் இரண்டாவது ஆல்பமான ‘கலா’வை ஒரே வரியில் புகழ்ந்துவிட்டுப் போயிருந்தீர்கள். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ரயில் காட்சியில் வரும் ‘பேப்பர் பிளேன்ஸ்’ தவிர அவருடைய பாட்டு எதையும் நான் கேட்டதில்லை. உங்கள் வரியை நம்பி முழு ஆல்பத்தையும் கேட்டேன். முதல் பாட்டிலேயே தூக்கிவாரிப் போட்டது. ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு மனசுக்குள்ள’ தாளம் அப்படியே வருகிறது! ராஜாவின் ரசிகனாக எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பிறகு 2007இல் வந்த ஆங்கில மதிப்புரைகளைத் தேடிப் படித்தேன். எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடியிருக்கிறார்கள். உலகம் சுற்றி எடுத்த இசை, மூன்றாம் உலகின் குரல் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

என் சந்தேகங்கள் இவை. இது திருட்டு இல்லையா? புலிப் போராளியின் மகள் என்ற கவர்ச்சியில் வெள்ளைக்கார விமர்சகர்கள் மயங்கிவிட்டார்களா? அவர் உண்மையில் நல்ல ராப் பாடகிதானா? எனக்கென்னவோ கத்துவது போலத்தான் கேட்கிறது. இவ்வளவு பெரிய விஷயம் என்றால் நம் பத்திரிகைகளில் ஏன் யாரும் எழுதவில்லை? கடைசியாக, முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு இதற்கு வந்திருக்க வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு தகவல் பிழையை முதலில் சரி செய்துவிடலாம். எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயர் கொண்ட மாதங்கி அருட்பிரகாசத்தின் (சுருக்கமாக மாயா) தந்தை அருளர் விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் அல்லர்; ஈரோஸ் என்ற வேறொரு ஈழப் போராட்ட அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். மேற்கத்தியப் பத்திரிகைகள் இந்த இரண்டையும் பல ஆண்டுகள் குழப்பி எழுதின. நீங்கள் படித்த மதிப்புரைகளிலிருந்துதான் அது உங்கள் கடிதத்துக்குள்ளும் வந்திருக்க வேண்டும். 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் பெயர், 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயர். பிள்ளைகளோடு லண்டனுக்கு அகதியாக வந்து, தையல் வேலை செய்து அவர்களை வளர்த்தவர் கலா.

இனி ராஜாவுக்கு வருவோம். முதல் பாட்டான ‘பாம்பூ பங்கா’வில் நீங்கள் கேட்டது ‘காட்டுக்குயிலு’தான், சந்தேகமே வேண்டாம். ஆல்பத்தின் உறைக் குறிப்பிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. அதே பாட்டின் தொடக்கத்தில் அவர் முணுமுணுக்கும் வரிகளும் அவருடையவை அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் நெடுஞ்சாலையில் இரவில் கார் ஓட்டுவதைப் பற்றி ஜொனாதன் ரிச்மன் எழுதிய பழைய ராக் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்துத் திருப்பிப்போட்டவை. நான் படித்த ஆங்கில மதிப்புரைகளில் பல ரிச்மனை உடனே அடையாளம் கண்டு மகிழ்ந்தன. ராஜாவைப் பெரும்பாலும் ‘இந்திய மேளம்’ என்று தாண்டிப் போயின. நீங்கள் ராஜாவைக் கண்டுபிடித்தீர்கள். ரிச்மன் உங்கள் காதில் விழவில்லை. ஆளுக்குப் பாதிப் பாட்டைக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி நான் சொல்ல நினைப்பதில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடுகிறது.

திருட்டு என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக எடுத்துவிடாதீர்கள். பிறர் இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன்மேல் புதிதாகக் கட்டுவது ஹிப்ஹாப் பிறந்த நாளிலிருந்து இருந்துவரும் முறை. அனுமதி பெற்று, பெயர் போட்டு எடுத்தால் அது தொழில். இதற்கு ஓராண்டுக்கு முன், 2006இல், மலேசியாவின் யோகி பி – நட்சத்திரா குழுவினர் ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து ராப் ஆக்கினார்கள். தமிழ்நாடே அதைக் கொண்டாடியது. அப்போது உங்களுக்கு ஆத்திரம் வந்ததா? வந்திருக்காது என்று நினைக்கிறேன். அவர்கள் ராஜாவின் மெட்டை நமக்குத் தெரிந்த மெட்டாகவே திருப்பிக் கொடுத்தார்கள். மாயா மெட்டை விட்டுவிட்டு அடியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அதுதான் உறுத்துகிறது.

நீங்கள் முதல் பாட்டின் அதிர்ச்சியிலேயே நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. இரண்டாவதான ‘பேர்ட் ஃப்ளூ’வை மறுபடி கேளுங்கள். அதிலும் ஒரு தமிழ்ப் படப் பாட்டின் துண்டு இருக்கிறது: 2003இல் வந்த ‘ஜெயம்’ படத்துக்காக ஆர்.பி. பட்நாயக் அமைத்த ‘திருவிழான்னு வந்தா’. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது அதையல்ல, உறுமியை. அதன் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள், மறுபக்கத்தை அடிப்பார்கள். தேய்க்கும்போது எழும் அந்த இழுவை ஒரு சுருதியில் நிற்காது. வழுக்கி ஏறும், இறங்கும். மேற்கத்திய பாப் பாட்டில் அடியில் ஒரு பேஸ் கிட்டார் அசையாமல் நின்று மற்ற எல்லாவற்றையும் தாங்கும். அந்த இடத்தில் உறுமியை வைத்தால் அதன்மேல் ஸ்வரக்கூட்டு எதுவும் ஒட்டாது. ‘பேர்ட் ஃப்ளூ’வில் ஒட்டவைக்க அவர்கள் முயலவே இல்லை. கோழிகள் கொக்கரிக்கின்றன, பிள்ளைகள் கூவுகிறார்கள், மேளம் அடித்துக்கொண்டே போகிறது. மெட்டு என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் வெளியிடவிருந்த ஆல்பத்திலிருந்து முதலில் வெளியே விடப்பட்டது இந்தப் பாட்டு! அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

அடுத்து வரும் ‘பாய்ஸ்’ பாட்டிலும் உறுமிதான், டிரினிடாடின் சோகா இசையின் வேகத்தில் ஓடுகிறது. வழக்கமான ‘உலக இசை’ப் பதிவுகளில் நம் வாத்தியம் பின்னணியில் ஊதுபத்திப் புகையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இங்கே அது எலும்புக்கூடு. உருவிவிட்டால் பாட்டு சரிந்துவிடும். இசை வகைகளைக் கலந்த ஆல்பங்கள் ஏராளம் வருகின்றன. அவற்றில் எது நிற்கும் என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்.

இந்தக் கலவை நேர்ந்த கதை சுவையானது. முதல் ஆல்பம் விமர்சகர்களிடம் பெரிய பெயர் வாங்கித் தந்தது. அடுத்ததை அன்று அமெரிக்காவில் மிகப் பெரிய கையாக இருந்த தயாரிப்பாளர் டிம்பலண்டோடு செய்வதாகத் திட்டம். 2006இல் அமெரிக்க விசாவில் சிக்கல் வந்தது. உள்ளே போக முடியவில்லை. சரி என்று மாயா வேறு திசையில் கிளம்பினார்: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் தோல் கருவிக் கலைஞர்களைப் பதிவு செய்தார். ஆல்பத்தின் பெரும்பகுதியில் உடன் நின்றவர் லண்டன் தயாரிப்பாளர் ஸ்விட்ச். டிம்பலண்டுக்கு மிஞ்சியது கடைசியாக வரும் ‘கம் அரவுண்ட்’ மட்டும். மொத்த ஆல்பத்திலும் யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய பாட்டு அது ஒன்றுதான். திட்டமிட்டபடி எல்லாம் நடந்திருந்தால் பன்னிரண்டு பாட்டும் அப்படித்தான் இருந்திருக்குமோ என்று யோசித்துப் பாருங்கள்.

மதிப்புரைகள் இதை ஊர் சுற்றும் சாகசக்காரியின் கதையாக எழுதின. பாஸ்போர்ட்டில் முத்திரை மேல் முத்திரை என்கிற பாணி. வாசல் அடைத்ததால் சுற்றவேண்டி வந்தது என்பது பல கட்டுரைகளில் ஒரு வரித் தகவல். ஆனால் மதிப்பெண்ணில் குறை வைக்கவில்லை. விமர்சனங்களைத் தொகுத்துச் சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 87. பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இணைய இசை இதழ் பத்துக்கு 8.9 கொடுத்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2007இன் மிகச் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. கடையில் அந்த அளவுக்கு ஓடவில்லை: அமெரிக்கப் பட்டியலில் 18ஆம் இடம், அவர் வளர்ந்த பிரிட்டனில் 39. குறை சொன்னவர்கள் அரசியல் வெறும் கோஷமாக நின்றுவிடுகிறது என்றார்கள். அதில் நியாயம் உண்டு. துப்பாக்கியைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் வரிக்கு வரி பேசுகிறார்; ஒரு வாதத்தை இரண்டு வரிக்கு மேல் கொண்டுபோவதில்லை.

நீங்கள் கேட்ட கவர்ச்சி வேலை செய்ததா? செய்தது. அவருடைய வாழ்க்கை வரலாறு இல்லாத ஒரு மதிப்புரையை நான் பார்த்ததில்லை. ஆனால் கவர்ச்சியால் மட்டும் பேர் வாங்கினார் என்றால், அதே ஆண்டில் அவர் ஏன் எரிச்சலோடு பேட்டி கொடுக்க வேண்டும்? முதல் ஆல்பத்தைச் செய்தது அமெரிக்க டிஜே டிப்ளோ என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2007இல் பிட்ச்ஃபோர்க்கிடமே அவர் சண்டை பிடித்தார். பெண் என்பதால் சொந்தமாக ஒரு யோசனைகூட வராது என்று நினைக்கிறீர்களா என்பது அவர் கேள்வியின் சாரம். போர், அகதி வாழ்வு, வண்ண உடை என்று கவர்ச்சியானவை எல்லாம் அவர் கணக்கில்; இசை அறிவு மட்டும் பக்கத்தில் நின்ற ஆணின் கணக்கில். இந்த வழக்கம் நம் ஊருக்கும் புதிதல்ல என்பதால் மேலே சொல்லவில்லை.

கோடம்பாக்கத்தில் அடித்தவர்களின் பெயர் அந்தக் கணக்கு எதிலும் இல்லை. நான் படித்த எந்த மதிப்புரையிலும் உறுமி வாசித்த ஒருவருடைய பெயரும் வரவில்லை. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு. அன்றைக்கு வந்து வாசித்துவிட்டுப் போகும் கலைஞருக்கு வழக்கமாகக் கிடைப்பது அன்றைய சம்பளம். உங்கள் கோபத்தை ராஜாவுக்காகச் செலவழிக்காமல் இவர்களுக்காக வைத்திருக்கலாம். ராஜாவின் பெயராவது உறையில் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறாவதாக வரும் ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’ பாட்டைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே? ஆஸ்திரேலியாவில் டார்லிங் ஆற்றங்கரையில் வில்கேனியா என்று ஒரு சிற்றூர். அங்குள்ள பழங்குடிச் சிறுவர்கள், மீன் பிடிப்பதையும் பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பதையும் பற்றி ராப் பாடியிருந்தார்கள். அந்தப் பதிவை மாயா எடுத்துக்கொண்டார். டிஜெரிடூ என்னும் நீண்ட மரக்குழலின் முழக்கத்துக்கு மேல் பையன்கள் முறை வைத்துப் பாடுகிறார்கள். குரல் உடையாத வயது, ஆளுக்கு ஒரு வேகம். மாயா நடுவில் விருந்தாளியாக வந்து பாடிவிட்டு ஒதுங்கிவிடுகிறார். ஆல்பத்தில் கடன் மிக அதிகமாக உள்ள பாட்டு இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். உங்கள் அளவுகோல்படி முதல் புகார் வில்கேனியாவிலிருந்து வந்திருக்க வேண்டும்.

நல்ல ராப் பாடகியா என்றால், வித்தைக் கணக்கில் இல்லை. மூச்சு விடாமல் எதுகையை அடுக்கி, தாளத்துக்கு முன்னும் பின்னும் சொல்லைத் தள்ளி விளையாடும் திறமையில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் நூறு பேர் உண்டு. அவருடைய வரிகள் குட்டையானவை, திரும்பத் திரும்ப வருபவை, பாதி கூவல். கூத்தில் கட்டியக்காரன் வந்து நின்று சபையை அதட்டுகிறானே, அந்தக் குரல். நீங்கள் கத்துவது என்றீர்கள், கத்துவதுதான். அந்த மேளத்துக்குமேல் நுணுக்கமாகப் பாடினால் ஒரு சொல் காதில் விழாது.

‘பேப்பர் பிளேன்ஸ்’ இதற்கு விலக்கு. ‘தி கிளாஷ்’ என்ற பிரிட்டிஷ் குழு 1982இல் வெளியிட்ட, குடியேறிகளின் நிலையைப் பேசிய பாட்டின் கிட்டார் துண்டின்மேல் டிப்ளோ கட்டியது. குரலை உயர்த்தாமல், தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல விசாவையும் திருட்டையும் கேலி செய்கிறார். விசா கிடைக்காத கடுப்பு நேரடியாகத் தெரிவது இதில்தான். கோரஸில் துப்பாக்கி மூன்று நான்கு முறை வெடிக்கிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. 2007 செப்டம்பரில் டேவிட் லெட்டர்மனின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியபோது அந்த வெடிச் சத்தத்தை மாற்றிவிட்டார்கள். பதினோராவது பாட்டாக ஒரு வருடம் சும்மா கிடந்தது, 2008இல் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் டிரெய்லரில் வந்ததும் அமெரிக்காவின் நான்காம் இடத்துக்கு ஏறியது. 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில், ஆண் ராப் நட்சத்திரங்கள் நால்வருக்கு நடுவே நிறைமாத வயிற்றோடு அவர் ஆடிய காட்சி இணையத்தில் கிடைக்கும். விமர்சகர்கள் 2007இலேயே சொன்னதைச் சந்தை அவ்வளவு தாமதமாகக் கேட்டது.

நம் பத்திரிகைகள் எழுதாததற்குப் பெரிய சதியெல்லாம் இல்லை. நமக்கு இசை விமர்சனம் என்றால் டிசம்பர் கச்சேரி, அல்லது சினிமா. இரண்டிலும் சேராத ஒன்றை எந்தப் பக்கத்தில் போடுவது என்று ஆசிரியருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் பாடுகிற, புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண் வேறு. உறுமி ஒலித்தாலும் அவர் ‘வெளிநாட்டுப் பாடகி’ பகுதிக்குத்தான் போவார்.

முதல் ஆல்பம் ‘அருளர்’ காத்திருக்கட்டும். அது பெரும்பாலும் ஒரு சிறிய எலக்ட்ரானிக் பெட்டியை வைத்துக்கொண்டு செய்த மெலிந்த ஒலி; அழகாக இருக்கும், ஆனால் ‘கலா’வின் கூட்டம் அதில் இல்லை. இப்போதைக்கு இதையே வரிசை மாற்றாமல் இன்னொரு முறை கேளுங்கள், செல்பேசி ஸ்பீக்கரில் வேண்டாம். நான்காவதாக வரும் ‘ஜிம்மி’, 1982இன் ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்துக்கு பப்பி லஹிரி போட்ட பாட்டின் ஏறக்குறைய நேர்நகல். அதைத் தாண்டிப் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அன்புடன்.