வாத்து இழுத்துக்கொண்ட வம்பு: ‘டீ ஃபார் டூ ஹண்ட்ரட்’ கேள்வி பதில்

வால்ட் டிஸ்னி நிறுவனம் 1948 டிசம்பரில் வெளியிட்ட டொனால்ட் டக் கார்ட்டூன் ‘டீ ஃபார் டூ ஹண்ட்ரட்’. பிக்னிக் போன வாத்தும் எறும்புப் பட்டாளமும் மோதிக்கொள்ளும் கதை, ஏறக்குறைய ஏழு நிமிடம் ஓடும். எனக்கு மிகவும் பிடித்த படம் என்பதால், வந்த கேள்விகளை ஆசையோடு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, எனக்குச் சிரிப்பே வரல. ஆசையா சாப்பாடு கட்டிட்டுப் போனவன் மொத்தத்தையும் பறிகொடுக்கிறான். பாவம் இல்லையா?

தொடக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். எறும்புகள் தங்கள் பாட்டுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. டொனால்டுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. ஓர் எறும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதன் முதுகில் தின்பண்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறான். அது தள்ளாடத் தள்ளாட அவனுக்குக் கொண்டாட்டம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதைதான் இது. அந்த எறும்பு புற்றுக்குப் போய்ச் சேதி சொன்ன பிறகுதான் கூட்டம் கிளம்பி வருகிறது. இந்தத் தொடக்கத்தை வெட்டிவிட்டால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, பாவப்பட்டவன் ஒருவன் சாப்பாட்டை இழக்கிறான், அவ்வளவுதான். அது இருப்பதால்தான் பின்னால் விழும் ஒவ்வொரு அடிக்கும் மனம் உறுத்தாமல் சிரிக்க முடிகிறது. அடிதடி நகைச்சுவையில் முதல் அடியை யார் கொடுத்தார் என்பதில்தான் உயிரே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: தலைப்புக்கு என்ன அர்த்தம்?

‘டீ ஃபார் டூ’ 1920களில் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளுக்கு வந்த இசை நாடகமொன்றின் புகழ்பெற்ற பாட்டு, ‘இருவருக்குத் தேநீர்’. அந்த இருவரை இருநூறு ஆக்கிவிட்டார்கள்.

கேள்வி: இயக்குநர் ஹன்னா என்று போட்டிருக்கிறதே, டாம் அண்ட் ஜெர்ரி எடுத்த ஹன்னாவா?

இல்லை. நிறையப் பேர் இதில் குழம்புகிறார்கள். இவர் ஜாக் ஹன்னா, டிஸ்னிக்காரர். டாம் அண்ட் ஜெர்ரியை ஜோசஃப் பார்பெராவோடு சேர்ந்து எடுத்தவர் வில்லியம் ஹன்னா, எம்.ஜி.எம். நிறுவனத்தில் இருந்தவர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம் உண்டு, தமிழில் எழுதும்போது அதுவும் மறைந்துபோகிறது. இந்த இருவருக்கும் ஒரே மேடையில் போட்டியும் வந்தது. 1948ஆம் ஆண்டின் படங்களுக்கான ஆஸ்கரில் ‘டீ ஃபார் டூ ஹண்ட்ரட்’ பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. வென்றது டாம் அண்ட் ஜெர்ரியின் ‘தி லிட்டில் ஆர்ஃபன்’. அதுவும் அருமையான படம்தான், ஆனால் என் ஓட்டு எறும்புகளுக்கே.

ஜாக் ஹன்னாவின் கைவரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிப் அண்ட் டேல் அணில்கள், ஒரு தேனீ, எறும்புகள் என்று டொனால்டுக்கு எதிராகப் பெரும்பாலும் தம்மாத்துண்டு ஆட்களையே நிறுத்துவார். முன்கோபியைக் கோபப்படுத்த அவனைவிடப் பெரிய ஆள் தேவையில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கேள்வி: டொனால்ட் பேசுவது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையே சார்?

அக்கா என்றே கூப்பிடுங்கள். 1934 முதல் அந்தக் குரலைக் கொடுத்தவர் கிளாரன்ஸ் நாஷ். சொல் புரியாவிட்டாலும் கோபம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிகிறதல்லவா, அது போதும். இந்தப் படத்தில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்த்தாலும் கதை நழுவாது.

கேள்வி: எறும்பு நிஜமாகவே போய்க் கூட்டத்தைக் கூட்டி வருமா? எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குப் போகும் வரிசையை ஈரத்துணியால் துடைத்தால் எல்லாம் தடுமாறுகின்றன.

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. பல இன எறும்புகள் தீனியைக் கண்டதும், புற்றுக்குத் திரும்பும் வழி நெடுக வயிற்று நுனியால் தரையில் ஒரு வாசனைக் கோடு இழுத்துக்கொண்டே போகும். மற்றவை அதை மோப்பம் பிடித்து வரும். தீனி கிடைத்தவை திரும்பும்போது அந்தக் கோட்டுக்கு மேலேயே மறுபடி பூசும், அதனால் வாசனை ஏறும், கூட்டமும் பெருகும். தீனி தீர்ந்தால் பூச ஆளில்லை, வாசனை ஆவியாகிவிடும். நீங்கள் துணியால் துடைத்தது அந்தக் கோட்டைத்தான்.

தீ எறும்புகளில் அந்த வாசனை வயிற்றிலுள்ள ஒரு சின்னச் சுரப்பியிலிருந்து வருகிறது என்று எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் ஆராய்ந்து வெளியிட்டது 1959இல். படம் வந்து பத்தாண்டு கழித்து! கார்ட்டூன் எறும்பு வாயால் சொன்னதை நிஜ எறும்பு வயிற்றால் எழுதுகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கைத் தூக்குவதும் உண்மையே. தூங்கும் வாத்தையே தூக்கிக்கொண்டு போவதுதான் படக்காரர்களின் கற்பனை.

கேள்வி: ஆறு வயது மகனுக்குக் காட்டலாமா? எறும்புகளைக் காட்டுவாசிகள் மாதிரிக் காட்டியிருப்பது எனக்கு உறுத்தியது.

எனக்கும் உறுத்துகிறது. முரசுச் சத்தம், புரியாத உளறல் பேச்சு எல்லாம் அந்தக் கால ஹாலிவுட் காட்டுப் படங்களில் ஆப்பிரிக்க மக்களைக் கேலியாகக் காட்டிய பாணி. படத்தின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். பையனைத் தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நிஜ மனிதர்கள் யாரும் அப்படி இல்லை, அது கேலி செய்ய எடுத்தது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆறு வயதுக்கு அது புரியும்.

கேள்வி: இதே மாதிரி வேறு என்ன பார்க்கலாம்?

டொனால்டும் நாய் புளூட்டோவும் கடற்கரையில் எறும்புகளிடம் மாட்டும் ‘பீச் பிக்னிக்’, 1939. பிறகு டாம் அண்ட் ஜெர்ரியின் ‘பார்பெக்யூ பிரால்’, 1956. சினிமாஸ்கோப் என்ற அகலத்திரையில் எடுத்தது, அதனால் கைபேசியில் வேண்டாம், டிவியில் போடுங்கள். எறும்புகள் கடைசியில்தான் வரும், அதுவரை எழுந்துபோய்விடாதீர்கள்.