இலங்கைக்குப் பெண் தனியாகப் போய்வரலாமா?

"27 வயதுப் பெண். சென்னையிலிருந்து இலங்கைக்குத் தனியாகப் போக ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். நான் கொழும்பு, கண்டி, அட்டன், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் எல்லாம் தனியாகத்தான் சுற்றினேன். அங்கே எந்த ஊருக்குப் போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்கு வெளியே இருக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்பேன். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நாடு என்பதால் வருடம் முழுக்க மாலை ஆறு, ஆறரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு சின்ன ஊர்களில் பஸ் குறைந்துவிடும். பகலில் பெண்களும் பிள்ளைகளுமாக இருந்த கடைத்தெருவில் எட்டு மணிக்கு ஆண்கள் மட்டும்தான் நிற்பார்கள். அதனால் ஊர் மாறும் நாட்களில் விடியற்காலையே கிளம்புங்கள். நாலு மணிக்குள் தங்குமிடத்தில் பையை இறக்கிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நெரிசல் பஸ்ஸைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் இலங்கையில் 2015-ல் நடத்திய ஆய்வில், பெண்களில் 90 சதவீதம் பேர் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவை அனுபவித்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்களின் அன்றாடம் இது. எனக்கும் நடந்தது. கண்டியிலிருந்து கிளம்பிய ஒரு பஸ்ஸில், இடம் இருந்தும் ஒருவன் வந்து வந்து ஒட்டி நின்றான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "மகள், இந்தப் பக்கம் வாங்க" என்று என்னை இழுத்துத் தன் சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, அவனைப் பார்த்துச் சிங்களத்தில் நாலு வார்த்தை உரக்கச் சொன்னார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அடுத்த நிறுத்தத்தில் அவன் இறங்கிவிட்டான்.

அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் பெண்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து அங்கே போய்விடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தொந்தரவு வந்தால் தமிழிலேயே சத்தம் போடுங்கள், குரலே போதும். இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 345ஆம் பிரிவின்படி இது குற்றம். போனில் இந்த எண்களைப் பதிந்துகொள்ளுங்கள்: பொலிஸ் 119, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1912, பெண்களுக்கான உதவி எண் 1938, இலவச ஆம்புலன்ஸ் 1990.

ரயிலில் முன்பதிவு சீட் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். மலைப்பாதை டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கொழும்பிலும் கண்டியிலும் ஓட்டோவைத் தெருவில் பேரம் பேசிப் பிடிப்பதைவிட பிக்மி (PickMe) என்ற வாடகை வண்டிச் செயலியில் கூப்பிடுவது நிம்மதி. தங்குவதற்குக் குடும்பத்தோடு இருப்பவர்கள் நடத்தும் வீடுகளைத் தேடுங்கள். மற்ற பெண்கள் எழுதிய விமர்சனங்களைப் படியுங்கள், அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

கடற்கரைக்கு மாதம் பார்த்துப் போங்கள். மிரிஸ்ஸ, உனவட்டுன போன்ற தெற்குக் கரைகளுக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்லது. திருகோணமலை, அறுகம்பே பக்கம் மே முதல் செப்டம்பர் வரை. காலம் தவறிப் போனால் கடலும் முரடாக இருக்கும், கரையிலும் ஆள் இருக்காது. தனியாகப் போகிறவளுக்கு இரண்டும் ஆகாது.

எல்லாவற்றையும்விட நீங்கள் தவறவிடக் கூடாதது, யாத்திரிகர்கள் ஏறும் புனித மலையான சிவனொளிபாதமலை (Adam's Peak). 2,243 மீட்டர் உயரம், ஐயாயிரத்துக்கும் மேல் படிகள், அதுவும் நள்ளிரவுக்குப் பிறகு ஏறுவது. கேட்டாலே வீட்டில் வேண்டாம் என்பார்கள். ஆனால் டிசம்பர் போயாவிலிருந்து (போயா என்றால் பௌர்ணமி) மே மாத வெசாக் போயா வரையிலான யாத்திரைக் காலத்தில் நான் இவ்வளவு தைரியமாக வேறெந்த ராத்திரியிலும் நடந்ததில்லை. வழியெங்கும் விளக்கு, தேநீர்க் கடைகள். வெள்ளை உடுத்திய பாட்டிகள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்குப் படி நின்று ஏறுகிறார்கள். ஒரு இடத்தில் யாத்திரிகர்கள் ஊசியில் கோத்த நூலை நீளமாக இழுத்துக் கட்டிவிட்டுப் போகிறார்கள். வெள்ளை நூல்கள் பாதையோரம் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கிடக்கும். உச்சியில் ஒரு மணி, எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா அடித்துக்கொண்டே இருந்தார், வரிசையே சிரித்துக்கொண்டு காத்திருந்தது.

யாத்திரைக் காலம் இல்லாத மாதங்களில் அதே பாதை இருட்டு, மழை, ஆளும் இல்லை. அப்போது தனியாக ஏறாதீர்கள். இரத்தினபுரிப் பக்கப் பாதை நீளம், ஆள் நடமாட்டமும் குறைவு, அதையும் விட்டுவிடுங்கள். அட்டன் வரை ரயில், அங்கிருந்து மலையடிவாரத்தில் இருக்கும் நல்லதண்ணிக்கு பஸ். பகலிலேயே போய் அறை எடுத்துத் தூங்கிவிட்டு, இரவு இரண்டு மணிவாக்கில் ஏதாவது ஒரு குடும்பத்தோடு சேர்ந்து நடக்கத் தொடங்குங்கள். ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். ஏறும்போது வேர்க்கும், மேலே போய் நின்றதும் குளிர் எலும்பில் ஏறும்.