வாசகர் கேள்வி: மச்சமா, சைவமா, வகுப்பில் எதைச் சொல்வது?

கேள்வி: தரம் 10 மாணவிகளுக்கு மனைப்பொருளியல் கற்பிக்கிறேன். புரதம் பற்றிய பாடத்தின் நடுவே ஒரு பிள்ளை எழுந்து, "மிருகங்களிடமிருந்து எதையும் எடுக்கக்கூடாது, பாலும் முட்டையும் கூடப் பாவம்" என்றாள். இன்னொருத்தியின் வீட்டில் எருமைப் பட்டி இருக்கிறது. "நாங்கள் மாடுகளைப் பிள்ளைகள் மாதிரி வளர்க்கிறோம், எங்கள் தயிரில் என்ன பாவம்?" என்று கேட்டு அவள் அழுதுவிட்டாள். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மணி அடிக்கும்வரை பலகையில் எழுதிக்கொண்டே நின்றேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– ஆசிரியை, தம்பலகாமம்

பதில்: அன்புத் தங்கைக்கு, பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டது பெரிய பிழையல்ல. நான் செய்தது அதைவிட மோசம். கற்பிக்கத் தொடங்கிய முதல் வருடம், "முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு மூளை வளராது" என்று வகுப்பில் சொன்னேன். முன்வரிசையில் திருநீறு பூசிய ஒரு பிள்ளை, சுத்த சைவக் குடும்பம், தன் சாப்பாட்டுப் பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளி வைத்தாள். பிறகு ஒரு மாதம்வரை இடைவேளையில் அவள் வகுப்பறையில் சாப்பிடவே இல்லை. 31 வருடங்கள் கற்பித்து ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பெட்டி மேசைக்குள் போன சத்தம் இன்னும் கேட்கிறது.

உங்கள் வகுப்பில் எழுந்தவை இரண்டு கேள்விகள். உடம்புக்கு என்ன வேண்டும் என்பது ஒன்று. மிருகத்துக்கு நாம் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது மற்றது. முதலாவதற்கு ஆசிரியையிடம் விடை இருக்கிறது, அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவதை ஒவ்வொரு பிள்ளையும் தன் மனதுக்குள் முடிவு செய்வாள். ஆனால் அதற்கு வேண்டிய உண்மைகளை எந்தப் பக்கத்துக்காகவும் நாம் மறைக்கக்கூடாது.

உடம்பிலிருந்து தொடங்குவோம். சோறும் பருப்பும் சேர்ந்தாலே புரதத்துக்குப் பெரிய குறை வராது. அரிசியில் குறைவாக உள்ளதைப் பருப்பு, கௌபி, பயறு நிரப்புகின்றன. ஒரே வேளையில் சேர வேண்டும் என்றும் இல்லை, ஒரு நாளுக்குள் சேர்ந்தால் போதும். ஆகவே "மச்சம் இல்லையென்றால் புரதம் இல்லை" என்ற பேச்சை வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விட்டமின் பி12 அப்படியல்ல. அதை மரமும் செடியும் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. எருமை அசைபோடும் இரைப்பைக்குள் இருப்பவையும் அவைதான், அதனால்தான் தயிரில் அது இருக்கிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம். ஒரு முட்டையும் ஒரு கோப்பைத் தயிரும் அதில் ஏறக்குறைய பாதியைத் தரும், சாளை மீன் கொஞ்சம் சாப்பிட்டாலே தேவைக்கு மேல் கிடைத்துவிடும். இவை எதையும் தொடாதவர் மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். ஈரலில் உள்ள சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்குவதால் குறை உடனே தெரியாது. கைகால் விறைக்கத் தொடங்கும்போதுதான் பலர் வைத்தியரிடம் போகிறார்கள். மிருகங்களிடமிருந்து வரும் எதையும் சாப்பிடாதவரைக் குறிக்கும் 'வீகன்' என்ற சொல் இங்கிலாந்தில் பிறந்தது 1944 இல். பி12 பிரித்தெடுக்கப்பட்டது 1948 இல். முதலில் அந்த வழியில் போனவர்களுக்குத் தங்களிடம் எது குறைகிறது என்று தெரிந்திருக்க வழியே இல்லை. உங்கள் மாணவிக்குத் தெரிய வழி இருக்கிறது, அது நீங்கள்தான்.

வளரும் பிள்ளைகள் விடயத்தில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லுங்கள். 2016 இல் அமெரிக்க உணவியலாளர் அமைப்பு, நன்றாகத் திட்டமிட்ட தாவர உணவு எல்லா வயதினருக்கும் ஏற்றது என்றது. அதே வருடம் ஜேர்மன் போசாக்குச் சங்கம், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழுத் தாவர உணவைத் தான் பரிந்துரைக்கவில்லை என்றது. தரம் 10 பிள்ளைக்கு இதைப் புரிந்துகொள்ளும் அறிவு உண்டு.

இனி அழுத பிள்ளை. கந்தளாய்ப் பக்கம் என் பெரியப்பாவுக்கு ஒரு பட்டி இருந்தது. விடியலில் கன்றை அவிழ்த்துவிடுவார். அது மடியை நாலைந்து தடவை முட்டிப் பால் சுரக்க வைத்த பிறகுதான் செம்போடு குந்துவார். மூன்று காம்பைக் கறப்பார், நாலாவதைத் தொடமாட்டார். "அது கன்றின் பங்கு" என்பார். அந்தப் பாலில் உறைந்த தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாது. அவருடைய அன்பு பொய்யில்லை. ஆனால் கடாக்கன்றுகள் மட்டும் பட்டியில் குறைந்துகொண்டே வந்தன. அவை எங்கே போகின்றன என்று நான் கேட்டது பெரியவளான பிறகு. "இறைச்சிக்காரனுக்கு" என்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அந்த மாணவியின் வீட்டுத் தயிரை மதித்துப் பேசுங்கள். இதையும் சேர்த்தே பேசுங்கள்.

முட்டையிலும் இதே கதைதான். வகுப்பில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஏ4 தாளை வைக்கச் சொல்லுங்கள். கம்பிக்கூட்டுப் பண்ணைகளில் முட்டையிடும் கோழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. சிறகை விரிக்க முடியாத அந்த வெறுங்கூடுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் தடை செய்தது. சாம்பல்தீவில் என் அக்கா வீட்டு ஊர்க்கோழி காலையில் இறங்கினால் மாலைவரை வேலியோரம் கிளறித் திரியும். இரண்டின் வாழ்வும் ஒன்றல்ல, அதை உரக்கச் சொல்லலாம். ஆனால் ஊர்க்கோழி முட்டைக்குப் புரதம் அதிகம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதில் வித்தியாசம் இல்லை. கருவின் நிறம் கோழி தின்னும் தீனியால் வருவது. வெயிலில் திரியும் கோழியின் முட்டையில் விட்டமின் டி கூடுதலாக இருக்கலாம், அவ்வளவே. நல்ல வாழ்வு வாழ்ந்த கோழி என்பதற்காக ஒருவர் கூடுதல் விலை கொடுத்தால் அதுவே நல்ல காரணம். அதற்குப் பொய்ச் சத்து எதற்கு?

கேள்வி: 15 வயது மகள் மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் திடீரென்று விட்டுவிட்டாள். எங்களுடையது மீன்பிடிக் குடும்பம். கோபமும் பயமுமாக இருக்கிறது. எதைக் கொடுப்பது?
– தாய், திருக்கடலூர்

பதில்: கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அம்மா. முதலில் வைத்தியரிடம் கூட்டிப்போய் இரத்தம் சோதித்து, பி12 மாத்திரையை எந்த அளவில் எடுப்பது என்று கேளுங்கள். மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு இரும்புச்சத்தும் கவனம். தாவர உணவில் உள்ள இரும்பை உடம்பு குறைவாகவே எடுத்துக்கொள்ளும். முருங்கை இலை வறையில் இறக்கும்போது தேசிக்காய் பிழிந்தால் அது கூடும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் குறையும், ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் குரக்கன் புட்டும் எள்ளுருண்டையும். மீனும் பாலும் இல்லாத வீட்டில் அயடீன் சேர்த்த உப்பு அவசியம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவளுக்குத் தெரியாமல் கறியில் நெத்தலியை அரைத்து ஊற்றாதீர்கள். கண்டுபிடித்தால் பருப்பையும் நம்பிச் சாப்பிடமாட்டாள். தேங்காய்ச் சம்பல் இடிக்கும்போது அவளுடைய பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு உரலில் மாசிக் கருவாட்டைப் போடுங்கள்.