நுரையீரல் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்கு நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நடக்கவிடலாமா, ஓய்வில் வைக்கவா?

நடக்கவிடுங்கள். உங்கள் வீட்டில் ஆளாளுக்கு அவரைக் கட்டிலில் உட்கார வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

எனக்கு வலது நுரையீரலின் கீழ் மடலை, அதாவது கீழ்ப் பகுதியை, எடுத்துவிட்டார்கள், அப்புறம் கீமோ. வீட்டுக்கு வந்ததும் என் நாத்தனார் "அண்ணி, நீங்க எழுந்திரிக்கவே கூடாது" என்று தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் படுத்தே கிடந்தால் கால் தசை தளர்ந்துவிடும், தளர்ந்த தசை அதே வேலைக்குச் சீக்கிரமே மூச்சு வாங்க வைக்கும், பாத்ரூம் போய்வந்தாலே இரைக்கும், அதைப் பார்த்து இன்னும் ஓய்வெடு என்பார்கள். இந்தச் சுற்றிலிருந்து என்னை வெளியே இழுத்தவர் பிசியோதெரபி செய்த பெண். விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டி 6 நிமிடம் நடக்கச் சொல்லி, எவ்வளவு தூரம் என்று அளந்துவிட்டுத்தான் எதையும் ஆரம்பித்தார்.

பேச முடிகிற, பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும். படியில் நின்று மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டே ஏற வேண்டும். நம்மில் பலர் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறிவிட்டு மேலே போய்த் திணறுகிறோம். நான் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போவதே அங்கே பெஞ்ச் இருப்பதால்தான். பெஞ்சுக்குப் பெஞ்ச் உட்கார்ந்து எழுந்து போவேன், பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

டாக்டரைக் கேட்காமல் இவள் யார் சொல்ல என்று கீழே எழுத வருபவர்களுக்கு: கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், நான் மருத்துவர் இல்லை. நடக்கும்போது இரைத்து, நின்றதும் சற்று நேரத்தில் அடங்குவது வேறு. சும்மா இருக்கும்போதே திடீரென்று திணறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீக்கம், இருமலில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிதான். கதிர்வீச்சு முடிந்து சில மாதம் கழித்து வறட்டு இருமலும் காய்ச்சலும் வந்தாலும் சளி என்று விட்டுவிடாதீர்கள், நுரையீரலில் அழற்சியாக இருக்கலாம். ரத்தசோகையாலும் மூச்சு வாங்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் தெரிந்த எனக்கே மூன்று மாடி கஷ்டம்தான். எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் ஓடி நாளாகிறது. சங்கச் செயலாளரிடம் கேட்டால் "நீங்கதான் படி ஏறணும்னு எல்லாருக்கும் சொல்றீங்களேக்கா" என்கிறார். பராமரிப்புக் காசு கேட்க மட்டும் அதே மூன்று மாடி ஏறி 5ஆம் தேதிக்குள் வந்துவிடுகிறார்.