பதில்: டெக்சாஸில் போலீஸ் வண்டியை நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதை எப்போது சொல்வது?

துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது, கிளவ் பாக்ஸில் துப்பாக்கியும் இன்சூரன்ஸ் அட்டையும் ஒன்றாக இருக்கின்றன என்கிறீர்கள். சிக்கலே அதுதான். அட்டையை எடுக்கக் கை நீட்டினால், அதிகாரி கண்ணுக்குத் துப்பாக்கியை எடுப்பதாகத்தான் படும். இன்றைக்கே அட்டையை சன் வைசருக்கு மாற்றுங்கள்.

ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு இடுப்பில் எதையோ துழாவுவதுபோல் தெரியும்.

துப்பாக்கியோடு போகும்போது அடையாளம் கேட்டால், டெக்சாஸ் சட்டப்படி டிரைவிங் லைசென்ஸோடு துப்பாக்கி லைசென்ஸையும் காட்ட வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் என்றால் கேட்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். "துப்பாக்கி இருக்கிறது" என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள், லைசென்ஸில் ஆரம்பியுங்கள். "என்னிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது, துப்பாக்கி கிளவ் பாக்ஸில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு, பதில் வரும்வரை கையை அசைக்காதீர்கள்.

சொல்லிவிட்டால் மட்டும் போதாது. 2016-ல் மினசோட்டாவில் போலீஸ் வண்டியை நிறுத்தியபோது, ஃபிலாண்டோ காஸ்டில் என்பவர் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்னார். சொன்ன சில நொடிகளில் சுடப்பட்டார். சுட்ட அதிகாரி அடுத்த ஆண்டு வழக்கில் குற்றவாளி அல்ல என்று விடுதலையானார். போலீஸ் மீதான அவநம்பிக்கைக்குக் காரணம் இல்லாமலில்லை.

பாதுகாப்புக்காக அதிகாரி துப்பாக்கியை வாங்கி வைத்தால் சாலையில் நின்று வாதாடாதீர்கள். "நீங்களே எடுங்கள்" என்பது, நீங்கள் எடுத்துக் கொடுப்பதைவிட மேல்.