மாத்திரை போட்டும் வராத மாதவிலக்கு

கேள்வி: வயது 25, உயரம் 160 செ.மீ. வரும் தையில் கல்யாணம். மாசியில் 64 கிலோ இருந்தேன். ஆடிக் கடைசியில் 49. காலையில் கிரீன் டீ, மதியம் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி இரண்டு சப்பாத்தி. சோறு, எண்ணெய், தேங்காய் எல்லாம் விட்டாயிற்று. தினம் ஒன்றரை மணி நேரம் நடையும் ஸ்கிப்பிங்கும். முன்பு 28, 30 நாளில் ஒழுங்காக வந்த மாதவிலக்கு வைகாசிக்குப் பிறகு தானாக வரவில்லை. ஆடியில் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன், லேசாகப் பட்டது. ஆவணியில் நாளுக்கு மூன்று வீதம் ஐந்து நாள் போட்டும் ஒன்றுமில்லை. ஸ்கேனில் நீர்க்கட்டி. நெட்டில் பார்த்தால் இன்னும் எடை குறைக்கச் சொல்கிறது. முடி கொட்டுகிறது, கை கால் சில்லென்று இருக்கிறது. கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்கிறார்கள் ஆச்சி. கர்ப்பப்பை சுருங்கிவிட்டதா? எனக்குக் குழந்தை பிறக்குமா?
– பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

பதில்: பிறக்கும். நீங்கள் எழுதியதையும் அனுப்பிய ஸ்கேனையும் வைத்துப் பார்த்தால், கருமுட்டைகள் அழிந்துபோனதற்கான அடையாளம் எதுவும் இல்லை. கர்ப்பப்பையும் அளவாகத்தான் இருக்கிறது. கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது; உள்ளே எதுவும் தங்கவும் இல்லை. ஆச்சியிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: ஆவணியில் மாத்திரை போட்டும் வரவில்லை.

அந்த மாத்திரை நார்எத்திஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன். அது மாதவிலக்கை உண்டாக்காது. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏற்கெனவே கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்திருந்தால், மாத்திரையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் அந்தத் தடிப்பு உதிரும், அவ்வளவுதான். ஆடியில் உதிர்வதற்குக் கொஞ்சமாவது இருந்தது. ஆவணியில் எதுவுமே இல்லை. உங்கள் ஸ்கேனில் உட்சுவர் 3 மி.மீ. என்று போட்டிருக்கிறது, அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது முறை மெடிக்கலுக்குப் போகாதீர்கள். சீட்டில்லாமல் இதை வாங்கிப் போடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யாமல் போடுவது ஒரு தப்பு. ஒன்றிரண்டு நாள் ரத்தம் பட்டதும் ‘சரியாகிவிட்டது’ என்று நோயை மறந்துவிடுவது அதைவிடப் பெரிய தப்பு.

49 கிலோ என்பது உங்கள் உயரத்துக்கு மெலிவே இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், உடல் நிறை குறியீடு 19 வருகிறது. ஆனால் மாதவிலக்கு எடையை மட்டும் பார்த்து நிற்பதில்லை. வரவுக்கும் செலவுக்கும் உள்ள பற்றாக்குறையைப் பார்த்து நிற்கிறது. நீங்கள் சாப்பிடுவது ஏறக்குறைய 800 கலோரி. நடைக்கும் ஸ்கிப்பிங்குக்கும் 350 போனால் மீதி 450. கொழுப்பைக் கழித்துவிட்டால் தசை, எலும்பு, உறுப்புகள் என்று உங்கள் உடம்பு சுமார் 38 கிலோ. அதில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனாலே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி விட்டுவிட்டு அனுப்பும் ஹார்மோன் துடிப்புகள் குறையத் தொடங்கும். உங்களுக்கு வருவது 12. கொழுப்பு கரைந்ததால், கொழுப்பில் சுரக்கும் லெப்டின் ஹார்மோனும் இறங்கியிருக்கும். ‘வீட்டில் அரிசி இல்லை, இப்போது பிள்ளை வேண்டாம்’ என்று மூளை எடுத்த முடிவு இது. சினைப்பைக்குச் செய்தி வராததால் அது முட்டையை வளர்க்கவில்லை. அதனால் ஈஸ்ட்ரோஜனும் இல்லை.

அந்த நீர்க்கட்டி விஷயத்துக்கு வருகிறேன். கெடுதலில் பாதி அங்கேதான் நடந்திருக்கிறது. ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல, வளராமல் நின்றுபோன சிறு முட்டைப்பைகள். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறிலும் அப்படித் தெரியும், பட்டினியால் நின்றுபோன சினைப்பையிலும் அப்படியே தெரியும். பிசிஓஎஸ் பெரும்பாலும் வயதுக்கு வந்த காலத்திலிருந்தே ஒழுங்கில்லாத மாதவிலக்காகத் தொடங்கும். முகத்தில் முடி, பரு வரும். பருமனாக இருப்பவர்களுக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு திரும்பும். உங்களுக்கு நடந்தது நேர் எதிர்: எடை இருந்தபோது ஒழுங்காக வந்தது, குறைந்தபின் நின்றது. இணையத்தில் ‘நீர்க்கட்டி’ என்று தட்டி, வந்த ஆலோசனையை நம்பி இன்னும் பட்டினி கிடந்தால், நோயையே மருந்தாகத் தின்பது போலாகும். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எலும்பு. இருபதுகளின் கடைசி வரை எலும்பு சேமிக்கும் காலம். ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஒவ்வொரு மாதமும் சேமிப்பு நின்று, இருப்பும் கரையும். அது முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். நீங்கள் நாலாவது மாதத்தில் இருக்கிறீர்கள். ஆறு மாதம் தாண்டினால் டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பார்க்கச் சொல்வேன். கணுக்காலிலோ முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலோ ஒரே இடத்தில் அமுக்கினால் வலித்தால், ஸ்கிப்பிங்கை அன்றோடு விட்டு எக்ஸ்ரே எடுங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம்.

இந்த வாரமே அம்பை அரசு மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ போய் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கல்யாணம் ஆகவில்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம், எல்லாரிடமும் இதைத்தான் முதலில் கேட்போம். பிறகு ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டுக்கு), புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), எஃப்எஸ்எச், எல்எச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்கள்), எஸ்ட்ராடயால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை), கூடவே ஹீமோகுளோபின், சர்க்கரை. எஃப்எஸ்எச் கூடுதலாக இருந்தால் கதை வேறு, கோளாறு சினைப்பையிலேயே இருக்கலாம். குறைவாகவோ சாதாரணமாகவோ இருந்து எஸ்ட்ராடயாலும் குறைந்திருந்தால் நான் சொன்னதுதான். எடை குறைக்க முயலாமலே குறைந்தவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் தைராய்டு, சர்க்கரை, காசநோய் மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

வைத்தியம் சாப்பாடுதான். வைகாசியில் 55 கிலோ இருந்திருப்பீர்கள். எந்த எடையில் நின்றதோ அதைவிட இரண்டு கிலோ போல ஏறும்போது பலருக்குத் திரும்பி வருகிறது. எனவே 57 வரை போனால் போதும், 64 வேண்டாம். முதல் வாரம் இப்போது சாப்பிடுவதோடு 300 கலோரி சேருங்கள். வாரத்துக்கு 200, 300 என்று ஏற்றி 1,900, 2,000 வரை கொண்டுபோங்கள். ஸ்கிப்பிங் வேண்டாம், நடை அரை மணி, வாரத்தில் நாலு நாள்.

நம் ஊரில் வயதுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி கொடுப்பார்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் உளுத்தமாவு, 30 கிராம் கருப்பட்டி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய்: ஏறத்தாழ 400 கலோரி. உளுந்தில் ஹார்மோன் இருப்பதாகச் சொல்வதை நான் நம்பவில்லை; உங்களுக்கு வேண்டிய மாவும் புரதமும் எண்ணெயும் அதில் இருக்கின்றன, அது போதும். மதியம் சோறு வேண்டும். சொதியில் தேங்காய்ப்பால் என்று பயந்து ஒதுக்காதீர்கள், கொழுப்பு இப்போது உங்களுக்கு மருந்து. முட்டை இரண்டு அல்லது மீன், ஒரு கைப்பிடி நிலக்கடலை, அரை லிட்டர் பால் அல்லது தயிர். அரை லிட்டரில் 600 மி.கி. கால்சியம் வரும், நாளுக்கு வேண்டியது 1,000. மீதிக்குக் கேழ்வரகும் கீரையும்.

கருத்தடை மாத்திரை கொடுத்து மாதாமாதம் வரவைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ரத்தம் வரும், ஆனால் எலும்பைக் காக்காது. உடம்பு தேறியதா என்பதும் தெரியாமல் போகும். ஆறு மாதம், ஒரு வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டும் வராவிட்டால், தோலில் ஒட்டும் எஸ்ட்ராடயால் பட்டை பற்றி உங்கள் டாக்டர் யோசிப்பார்.

முடி கொட்டுவது எடை வேகமாகக் குறைந்த இரண்டு மூன்று மாதத்தில் வருவது, தானாக முளைக்கும். எண்ணெய்க்குக் காசு கொடுக்காதீர்கள். கை கால் குளிர்ச்சியும் சாப்பிட்டால் போய்விடும்.

காலையில் படுக்கையிலிருந்து எழும் முன் ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நின்றதும் கண் இருட்டி விழுந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. சோற்றைக் கண்டாலே பயமாக இருக்கிறது, சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறேன் என்றால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் அது. தீராத தலைவலியோடு பார்வை மங்கினாலும், மார்பில் பால் கசிந்தாலும் உடனே சொல்லுங்கள்.

தைக்குள் வராமலும் போகலாம், அதற்காகக் கல்யாணத்தைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: முட்டை வெளிவந்து இரண்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் வரும். ஆகவே மாதவிலக்கையே காணாமல் கர்ப்பமாகலாம். 57 கிலோவைத் தொட்டு, மாத்திரை இல்லாமல் மூன்று முறை மாதவிலக்கு வரும் வரை பிள்ளையைத் தள்ளிப்போடுங்கள், அதுவரை ஆணுறை. தானாக வரும் முதல் தேதியைக் காலண்டரில் குறித்து, அடுத்தது 45 நாளுக்குள் வருகிறதா என்று பாருங்கள்.